கேமரா காணாத வெப்பம்: நுண்துளை அறுவையில் மின்கருவிகளின் பாதுகாப்பு

பித்தப்பைக் கல், குடல்வால் அழற்சி, குடலிறக்கம், சூலகக் கட்டி முதலியவற்றுக்கான அறுவைகளில் கணிசமானவை இன்று வயிற்றைத் திறக்காமல், அரை சென்டிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டர் வரை அகலமுள்ள சில துளைகளின் வழியாகவே செய்யப்படுகின்றன. லேப்ராஸ்கோப்பி என்று நாம் அறிந்திருக்கும் இம்முறையில் ஒரு துளையின் வழியே கேமராவும், மற்றத் துளைகளின் வழியே முப்பது, நாற்பது சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கருவிகளும் உள்ளே செல்கின்றன. அக்கருவிகள் திசுவை வெட்டுவதும், வெட்டிய இடத்தில் இரத்தம் கசியாமல் அடைப்பதும் பெரும்பாலும் வெப்பத்தால்தான். அந்த வெப்பம் எங்கே பிறக்கிறது, எவ்வளவு தூரம் பரவுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த கைகளில் இது மிகவும் நம்பத்தக்க தொழில்நுட்பம். விடை தெரியாத இடத்தில், திரையில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே, திரைக்கு வெளியே குடலின் ஒரு புள்ளி வெந்துபோகக்கூடும். மருத்துவம், செவிலியம், அறுவை அரங்குத் தொழில்நுட்பம் ஆகியவற்றைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கும், இத்தகைய அறுவைக்குத் தம்மையோ தம் வீட்டாரையோ தயார்செய்பவர்களுக்கும் இந்த அடிப்படைகள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

மின்சாரம் திசுவை எப்படிச் சூடாக்குகிறது?

அறுவை அரங்கில் காட்டரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கருவியில், உலோக முனை முதலில் பழுக்கக் காய்ந்து, பின்னர் அந்தச் சூட்டால் திசுவைச் சுடுவதில்லை. முனையிலிருந்து மின்னோட்டம் திசுவுக்குள் பாய்கிறது. பாயும் மின்னோட்டத்தைத் திசு தடுக்கிறது. அந்தத் தடையினால் திசுவுக்குள்ளேயே வெப்பம் உண்டாகிறது. அதாவது சூடாவது முதலில் திசுதான், கருவி அல்ல. இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் ஆபத்துகள் அனைத்தும் எளிதில் விளங்கிவிடும். ஏனெனில் மின்னோட்டம் திசுவுக்குள் எங்கெல்லாம் நுழைகிறதோ அங்கெல்லாம், மருத்துவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சுடுவதற்கான வாய்ப்பு இருக்கிறது.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசைமாறுவது. அது உடலில் பாய்ந்தால் நரம்பும் தசையும் ஒவ்வொரு சுழற்சிக்கும் தூண்டப்படுகின்றன, இதயம் நின்றுவிடக்கூடும். பிரான்சைச் சேர்ந்த தார்சொன்வால், 1890களின் தொடக்கத்தில், அதிர்வெண்ணை மிகவும் உயர்த்தினால் இந்தத் தூண்டுதல் மறைந்து வெப்பம் மட்டும் எஞ்சுவதைக் காட்டினார். நொடிக்கு ஒரு லட்சம் சுழற்சிகளைத் தாண்டும்போது நரம்புக்கும் தசைக்கும் எதிர்வினையாற்ற நேரமே இருப்பதில்லை. அறுவைக் கருவிகள் பொதுவாக மூன்று லட்சம் சுழற்சிகளுக்கு மேல் இயங்குவதன் காரணம் இதுவே. தாவர உடலியலில் முனைவர் பட்டம் பெற்ற வில்லியம் போவி உருவாக்கிய, இத்தகைய உயர் அதிர்வெண் மின்சாரத்தைத் தரும் மின்னாக்கியைக் கொண்டு, மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில், இரத்தக்குழாய்கள் செறிந்த ஒரு தலைக்கட்டியை அகற்றினார். அமெரிக்க அறுவை அரங்குகளில் இக்கருவிக்கு இன்றும் போவி என்றே பெயர்.

வெப்பத்தின் அளவுக்கேற்பத் திசு என்ன ஆகிறது என்பதற்குச் சில எண்களை நினைவில் கொள்வது நல்லது. உயிரணுவின் வெப்பநிலை 50 பாகை செல்சியசை எட்டினால் அது ஏறக்குறைய ஆறு நிமிடங்களில் இறக்கிறது. 60 பாகையில் உடனடியாக இறக்கிறது. 60 பாகைக்கு மேல் புரதங்கள் உருக்குலைந்து உறைகின்றன, திசு வெளுக்கிறது, நீர் வற்றிச் சுருங்குகிறது. இரத்தக்குழாய் அடைபடுவது இந்த நிலையில்தான். 100 பாகையில் உயிரணுவின் நீர் கொதித்து ஆவியாகி, அணுவே வெடித்துத் திசு பிளக்கிறது. வெட்டுதல் என்பது இதுதான். 200 பாகையை ஒட்டித் திசு கரியாகிறது. 37 பாகையில் இருக்கும் உடலுக்கும் உடனடி மரணத்தின் 60 பாகைக்கும் இடையே இருப்பது வெறும் 23 பாகை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கருகலும் புகையும் இந்த எல்லையை வெகுதூரம் தாண்டிய பிறகு வரும் அடையாளங்கள். கருகவில்லை, எனவே சுடவில்லை என்று கருதுவது பிழை.

எந்த இடம் சூடாகும் என்பதைத் தீர்மானிப்பது மின்னோட்டத்தின் மொத்த அளவு மட்டுமல்ல; அது எவ்வளவு சிறிய பரப்பில் திரண்டு பாய்கிறது என்பதும்தான். இதை மின்னோட்ட அடர்த்தி என்பர். உண்டாகும் வெப்பம் இந்த அடர்த்தியின் இருமடியைப் பொறுத்தது. ஒரு முனை திசுவைத் தொடும் வட்டத்தின் விட்டத்தை 2 மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டராகக் குறைத்தால், தொடும் பரப்பு நான்கில் ஒரு பங்காகிறது, அடர்த்தி நான்கு மடங்காகிறது, அந்த இடத்தில் பிறக்கும் வெப்பம் பதினாறு மடங்காகிறது. கருவியின் பொத்தானில் யாரும் கை வைக்கவில்லை, திறனை யாரும் கூட்டவில்லை. தொடும் பரப்பு சுருங்கியது மட்டுமே மாற்றம். வெப்பக் காயங்களைப் பற்றிப் படிக்கும்போது நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்தப் பதினாறு மடங்கில்தான்.

ஒருமுனைக் கருவியில், முனையில் புகுந்த மின்னோட்டம் உடலின் வழியே பாய்ந்து, தொடையிலோ முதுகிலோ ஒட்டப்பட்டிருக்கும் அகன்ற தகட்டின் வழியாக மின்னாக்கிக்குத் திரும்புகிறது. பேஷண்ட் பிளேட் என்று அரங்கில் அழைக்கப்படும் அத்தகட்டின் வழியாகவும் அதே அளவு மின்னோட்டம்தான் செல்கிறது. ஆயினும் பெரியவர்களுக்கான தகட்டின் பரப்பு பொதுவாக நூறு சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருப்பதால் அடர்த்தி மிகக் குறைந்து, தோல் இளஞ்சூட்டை மட்டுமே உணர்கிறது. பெரியவர்களுக்கான தகடு 700 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை 60 நொடிகள் தாங்கும்போது தோலின் வெப்பநிலை 6 பாகைக்கு மேல் உயரக் கூடாது என்பது பன்னாட்டுத் தர விதி. தகடு பாதி கழன்றுவிட்டால் இந்தக் கணக்கு குலைந்து, எஞ்சிய ஓரத்தில் தோல் வெந்துவிடும். தகட்டை இரு பாதிகளாகப் பிரித்து, இரண்டும் தோலை நன்றாகத் தொடுகின்றனவா என்று மின்னாக்கியே ஓயாமல் அளந்து, ஐயம் வந்தால் ஒலியெழுப்பி மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடு 1980களில் பரவிய பிறகு தகட்டுக் காயங்கள் பெரிதும் குறைந்தன. எலும்பு துருத்திய இடம், தழும்பு, அடர்ந்த முடி, உள்ளே உலோகம் பொருத்திய மூட்டு ஆகியவற்றின் மேல் தகட்டை ஒட்டாமல், இரத்த ஓட்டம் நிறைந்த தசைப்பகுதியில், அறுவை நடக்கும் இடத்துக்கு அருகே ஒட்டுவது செவிலியரின் பணி. அறுவைக்கு முன் வளையல், மோதிரம், தாலிச் சங்கிலி, மெட்டி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வதற்கு உள்ள காரணங்களில் ஒன்று, மின்னோட்டம் திரும்புவதற்கு உடலில் வேறொரு சிறு வாசல் அமைந்துவிடக் கூடாது என்பது.

வெட்டும் நிலையும் உறைவிக்கும் நிலையும்

கருவியின் கால்மிதியில் மஞ்சள், நீலம் என இரு மிதிகள் உண்டு. மஞ்சளை மிதித்தால் வெட்டும் நிலை. மின் அலை இடைவிடாமல் வருகிறது, மின்னழுத்தம் ஒப்பளவில் குறைவு. நீலத்தை மிதித்தால் உறைவிக்கும் நிலை; நூறு பங்கு நேரத்தில் ஏறத்தாழ ஆறு பங்கு மட்டுமே மின் அலை வருகிறது, மீதி நேரம் ஓய்வு. அந்தச் சிறு நேரத்தில் அதே திறனைத் தர வேண்டியிருப்பதால் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் வரை ஏறுகிறது. உறைவித்தல் என்ற பெயர் மென்மையாக ஒலிப்பதால் அதுவே பாதுகாப்பானது என்று தொடக்கநிலை மாணவர்கள் எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேரெதிரானது. மின்னழுத்தம் உயர உயர, மின்சாரம் காற்றிடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாய்கிறது, மின்காப்பு உறையைத் துளைக்கிறது, எதிர்பாராத வழிகளைத் தேடிக்கொள்கிறது. முனையைத் திசுவில் நேராகப் பதித்து, மஞ்சள் மிதியின் குறைந்த மின்னழுத்தத்திலேயே ஓர் இரத்தக்குழாயை நன்றாக உறைவிக்க முடியும். நுண்துளை அறுவையில் பழக்கமாக மாற வேண்டிய ஒரே ஒரு செயலைச் சொல்லுமாறு கேட்டால், நான் இதையே முதலில் சொல்வேன்.

துளை வழியே சென்றதும் என்ன மாறுகிறது?

வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் கருவியின் முழு நீளமும், அது தொடும் எல்லா உறுப்புகளும் மருத்துவரின் கண்முன் இருக்கின்றன. துளை வழியே செய்யும்போது கேமரா முனைக்கு அருகே சென்று, சில சென்டிமீட்டர் பரப்பைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பெரிதாகத் தெரிவதால் அறுவையின் நுட்பம் கூடுகிறது. ஆனால் கருவியின் தண்டில் பெரும்பகுதி காட்சிக்கு வெளியே, குடலுக்கும் வயிற்றுச்சுவருக்கும் இடையே கிடக்கிறது. அந்தத் தண்டுக்குள்தான் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதன் விலையை மருத்துவ உலகம் 1970களிலேயே கண்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் லேப்ராஸ்கோப்பி வழியே கருக்குழாயைச் சுட்டுக் கருத்தடை செய்வது பெருமளவில் பரவியபோது, ஒருமுனைக் கருவிகளால் குடல் சுடப்பட்ட நிகழ்வுகள் தொடர்ந்து வெளிவந்தன. 1978, 1979 ஆண்டுகளில் அமெரிக்காவில் இவ்வகைக் கருவிகளோடு தொடர்புபட்ட மரணங்கள் 1981இல் மருத்துவ இதழில் வெளியாயின. அக்காலத்துக் குடல் காயங்களில் சில, வெப்பத்தால் அல்லாமல் துளையிடும் ஊசியால் நேர்ந்திருக்கலாம் என்ற வாதமும் பின்னர் எழுந்தது. ஆயினும் அச்சம் மாற்றத்தைக் கொண்டுவந்தது. கனடாவின் கியூபெக்கில் ஜாக் ரியூ, மின்னோட்டம் இரு தாடைகளுக்கு இடையே மட்டும் ஓடும் இருமுனைக் கவ்வியை லேப்ராஸ்கோப்பிக்குக் கொண்டுவந்தார். ஜெர்மனியின் கீல் நகரில், 1980இல் குடல்வாலை முதன்முதலாக லேப்ராஸ்கோப்பி வழியே அகற்றிய குர்ட் செம், உடலுக்குள் மின்னோட்டத்தையே செலுத்தாமல் தாடைகளை மட்டும் 100 பாகை அளவில் சூடாக்கும் கருவியை வடிவமைத்திருந்தார். இந்தியக் குடும்பநலத் திட்டத்தில் லேப்ராஸ்கோப்பிக் கருத்தடைக்கு வெப்பமே தேவைப்படாத சிலிக்கோன் வளையத்தைப் பயன்படுத்துவதும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கத் தக்கது.

காட்சிக்கு வெளியே மின்சாரம் தப்பிச்செல்லும் வழிகளில் முதலாவது, மின்காப்பு உறையில் ஏற்படும் பழுது. கருவியின் உலோகத் தண்டைச் சுற்றி மெல்லிய நெகிழி உறை இருக்கிறது. மீண்டும் மீண்டும் கழுவித் தேய்ப்பதாலும், நீராவியில் கிருமிநீக்கம் செய்வதாலும், வயிற்றுத் துளையில் பொருத்தி, கருவிகள் உள்ளே செல்ல வழிவிடும் துளைக்குழாயின் விளிம்பில் உரசி உரசி நுழைவதாலும், உயர் மின்னழுத்தம் தாக்குவதாலும் அவ்வுறையில் வெடிப்புகள் தோன்றுகின்றன. இங்கே மேலே சொன்ன பதினாறு மடங்குக் கணக்கு தன் முழு வலிமையையும் காட்டுகிறது. பெரிதாகக் கிழிந்த உறை கண்ணில் படும்; கருவி விலக்கப்படும். ஊசிமுனையளவு துளையோ கண்ணுக்குப் படாது; அதன் வழியே வெளியேறும் மின்னோட்டமும் ஒரே புள்ளியில் திரண்டு பாய்வதால், அது தொட்ட குடல்சுவர் நொடிப்பொழுதில் வெந்துவிடும். சிறிய பழுதே பெரிய ஆபத்து. வெறுங்கண்ணால் பார்ப்பது போதாது என்பதனால்தான், உறையின் மேல் மின்னழுத்தத்தைச் செலுத்தி, துளையிருக்கும் இடத்தில் ஒலியெழுப்பும் சோதனைக் கருவிகள் வந்துள்ளன. கிருமிநீக்கப் பிரிவில் ஒவ்வொரு கருவியையும் அப்படிச் சோதிப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். ரோபோக் கருவிகளும் இதற்கு விலக்கல்ல: 2013 மே மாதத்தில், டாவின்சி ரோபோவைத் தயாரிக்கும் இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல் நிறுவனம், அதன் ஒருமுனைக் கத்தரிக்கோல்களில் மறுசுத்திகரிப்புக்குப் பின் நுண்விரிசல்கள் தோன்றி மின்சாரம் கசியக்கூடும் என்று மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது.

இரண்டாவது வழி, மின்சாரம் ஓடும் முனை வேறோர் உலோகத்தைத் தொடுவது. கேமராக் குழாய், பற்றுக்கருவி, இரத்தக்குழாயில் முன்பே போட்ட உலோகக் கவ்வி ஆகிய எதைத் தொட்டாலும் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து, அது தொட்டுக்கொண்டிருக்கும் திசுவைச் சுடும். பித்தப்பை அறுவையில் கவ்விக்கு அருகே காட்டரியைப் பயன்படுத்தினால், கவ்வியின் அடியில் பித்தப்பை நாளத்தின் எஞ்சிய அடிப்பகுதி வெந்து, சில நாட்கள் கழித்துக் கவ்வி கழன்று பித்தநீர் கசிய நேரலாம். முனை திரையில் தெரிய வேண்டும், அது தொடுவதும் திரையில் தெரிய வேண்டும், அதன் பிறகே மிதியை அழுத்த வேண்டும் என்ற ஒழுங்கு இந்த வழியை ஏறக்குறைய அடைத்துவிடுகிறது.

மூன்றாவது வழிதான் புரிந்துகொள்வதற்குக் கடினமானது. மின்காப்பு உறை சிறிதும் பழுதாகாமல் இருந்தும், எந்த உலோகமும் எதையும் தொடாமல் இருந்தும், மின்சாரம் கடந்துவிடும். இரு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப்பொருள் இருந்தால் அந்த அமைப்பு ஒரு மின்தேக்கி. பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். நேர்மின்சாரம் மின்தேக்கியைத் தாண்டாது; ஆனால் திசைமாறும் மின்சாரம், அதிலும் உயர் அதிர்வெண் மின்சாரம், எளிதாகத் தாண்டும். லேப்ராஸ்கோப்பிக் கருவியின் உலோகத் தண்டு ஒரு கடத்தி, அதைச் சுற்றியுள்ள உறை காப்பு, அதைச் சூழ்ந்திருக்கும் உலோகத் துளைக்குழாய் இன்னொரு கடத்தி. மருத்துவர் அறியாமலே ஒரு மின்தேக்கியைக் கையில் பிடித்திருக்கிறார். தண்டு நீளமாக இருந்தாலும், உறை மெல்லியதாக இருந்தாலும், மின்னழுத்தம் உயர்ந்தாலும், கடக்கும் மின்னோட்டம் கூடும். துளைக்குழாய் முழுவதும் உலோகமாக இருந்தால், கடந்துவந்த மின்னோட்டம் வயிற்றுச்சுவரின் அகன்ற பரப்பில் பரவித் தீங்கின்றித் தணிந்துவிடும். உலோகக் குழாயை நெகிழிப் பிடிப்பில் பொருத்திய கலப்புக் குழாயாக இருந்தால், வயிற்றுச்சுவருக்கான வழி அடைபட்டு, தேங்கிய மின்னூட்டம் குழாயின் உள்நுனியைத் தொடும் குடலின் வழியே வெளியேறும். அதனால்தான் கலப்புக் குழாய்களை மின்கருவியோடு சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது என்பது உறுதியான விதியாயிற்று. முனை திசுவைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும்போது மிதியை அழுத்துவதும் இவ்வழியை அகலத் திறந்துவிடுகிறது. ஏனெனில் முறையான வழி கிடைக்காத மின்னாக்கி தன் மின்னழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது.

தண்டுக்குள்ளேயே இன்னோர் உலோகக் கவசத்தை அமைத்து, கசியும் மின்னோட்டம் அனைத்தையும் அக்கவசத்தின் வழியே மின்னாக்கிக்குத் திருப்பி, கசிவு எல்லை மீறினால் தானாகவே நிறுத்திவிடும் கருவிகளும் சந்தையில் உள்ளன. உறையின் பழுது, மின்தேக்கக் கசிவு ஆகிய இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் ஏற்பாடு இது. விலை காரணமாகப் பல அரங்குகளுக்கு இது எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. ஆனால் செலவே இல்லாத ஒரு காப்பும் உண்டு: மின்கருவியின் கம்பியைக் கேமராக் கம்பியோடு சேர்த்துக் கட்டாமலும், துணியைப் பிடித்திருக்கும் உலோகக் கவ்வியில் சுற்றாமலும் தனியே கொண்டுசெல்வது. இணையாக ஓடும் கம்பிகளில் ஒன்றின் ஆற்றல் மற்றொன்றுக்குத் தாவும்.

பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்கும் கடைசிக் கட்டத்தில் மற்றொரு சிக்கலும் எழுகிறது. பித்தப்பை மெல்லிய ஒரு காம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதன் மேற்பரப்பில் மின்சாரத்தைப் பாய்ச்சினால், திரும்பிச்செல்லும் மின்னோட்டம் முழுவதும் அக்காம்பின் வழியாகவே நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டும். அப்போது முனை தொடும் இடத்தைவிடக் காம்பே அதிகமாகச் சூடாகலாம். அந்தக் காம்பு பித்தநாளத்தை ஒட்டியிருந்தால், விளைவு வாரங்களோ மாதங்களோ கழித்து, நாளம் வடுவாகிச் சுருங்கி மஞ்சள்காமாலையாக வெளிப்படும். பித்தப்பையின் கழுத்துப் பகுதியில் ஒருமுனைக் காட்டரியைக் குறைந்த திறனிலும், சிறுசிறு தொடுகைகளாகவும், திசுவைப் பித்தநாளத்திலிருந்து விலக்கிப் பிடித்த நிலையிலும் மட்டும் பயன்படுத்த மூத்த மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இருமுனைக் கருவியும் மீயொலிக் கருவியும்

இருமுனைக் கவ்வியில் மின்னோட்டம் இரண்டு தாடைகளுக்கு நடுவிலுள்ள திசுவில் மட்டும் ஓடுகிறது, உடலில் தகடு வேண்டியதில்லை, மின்னழுத்தமும் குறைவு. ஆகவே மேலே விவரித்த தப்பும் வழிகள் பெரும்பாலும் அடைபடுகின்றன. 1990களின் இறுதியில் வந்த லிகாஷூர் போன்ற மேம்பட்ட கருவிகள், திசுவின் மின்தடை மாறுவதைத் தொடர்ந்து அளந்து, அடைப்பு முழுமையானதும் தாமே நிறுத்திக்கொள்கின்றன. 7 மில்லிமீட்டர் வரையுள்ள இரத்தக்குழாயை அவை அடைக்கும். ஹார்மோனிக் முதலிய மீயொலிக் கருவிகளில் மின்சாரம் திசுவுக்குள் செல்வதே இல்லை. நொடிக்கு 55,500 முறை அதிரும் உலோக அலகு, உராய்வால் திசுவைச் சூடாக்கி வெட்டி அடைக்கிறது.

மின்சாரம் தப்பாது என்பதால் வெப்பமும் தப்பாது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கே ஆபத்து வேறு உருவில் இருக்கிறது. முதலாவது, பக்கவாட்டுப் பரவல். கவ்விய இடத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர் வரை திசு வேகிறது. மிதியை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவுக்கு அந்த விளிம்பு அகலும். கருப்பை அறுவையில் கருப்பைத் தமனியை அடைக்கும்போது சிறுநீர்க்குழாய் அடைக்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தொலைவில்தான் செல்கிறது. அங்கே சில மில்லிமீட்டர் என்பது அற்ப அளவன்று. திசுவிலிருந்து நீராவிக் குமிழிகள் வருவது நின்றதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் தொடரும் ஒவ்வொரு நொடியும் அடைப்பை வலுப்படுத்துவதில்லை; விளிம்பைத்தான் அகலப்படுத்துகிறது.

இரண்டாவது, தங்கும் வெப்பம். அடுப்பை அணைத்த பின்னும் தோசைக்கல் கையைச் சுடுவதுபோல, மீயொலிக் கருவியின் அலகு மிதியை விட்ட பின்னும் சுடும் நிலையிலேயே இருக்கிறது. நீண்ட நேரம் இயக்கினால் அலகின் வெப்பநிலை 200 பாகையைத் தாண்டக்கூடும். உயிரணுவைக் கொல்லும் 60 பாகைக்குக் கீழே அது இறங்கப் பல பத்து நொடிகள் ஆகலாம். இருமுனைக் கருவிகளின் தாடைகள் இதைவிட விரைவாகக் குளிர்கின்றன. மருத்துவரோ ஓர் இரத்தக்குழாயை வெட்டி முடித்த அடுத்த நொடியே அதே கருவியைப் பற்றுக்கருவியாக்கிக் குடலை ஒதுக்க விழைகிறார். கருவியை மாற்றினால் நேரம் போகிறதே என்ற எண்ணம் இயல்பானது. அந்த ஒரு தொடுகையே குடல்சுவரை வேகவைக்கப் போதும். சூடான அலகைக் குடலை நோக்கித் திருப்பாமல் மேல்நோக்கி, திரையில் தெரியும்படி வைத்திருப்பதும், குடலைத் தொடும் முன் அலகை ஈரமான பாதுகாப்பான திசுவிலோ நனைத்த பஞ்சுத்துணியிலோ தொட்டுக் குளிர்விப்பதும், குடலை ஒதுக்க வேறொரு பற்றுக்கருவியையே பயன்படுத்துவதும் நல்ல பழக்கங்கள்.

கேமராவுக்கு ஒளி தரும் இழைக்கம்பியையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் நுனியிலிருந்து வரும் செறிந்த ஒளி, கேமராவிலிருந்து கழற்றி வைத்த கம்பி ஒரு துணியின் மேல் கிடந்தால் அத்துணியைக் கருக்கவும், அடியிலுள்ள தோலைச் சுடவும் போதுமானது. கம்பியைக் கழற்றும் முன் ஒளியைத் தணித்துவிடுவது ஒரு விரலசைவு.

அரங்கில் உள்ள ஒவ்வொருவருக்கும் இதில் பங்குண்டு. மருத்துவர் கேட்கும் திறன் அளவைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்த பிறகே மாற்றும் செவிலியர், மின்னாக்கியின் ஒலியை எரிச்சலூட்டுகிறது என்று குறைக்காமல் வைக்கும் தொழில்நுட்பர், வழக்கமான அளவில் கருவி வேலை செய்யவில்லை என்றால் திறனைக் கூட்டுவதற்கு முன் தகட்டையும் இணைப்புகளையும் பார்க்கும் மருத்துவர் ஆகிய மூவரும் சேர்ந்தே வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கிறார்கள். திறனைக் கூட்டச் சொல்லும் கட்டளை பலமுறை வேறெங்கோ மின்சாரம் கசிவதன் அறிகுறியாக இருக்கும். அமெரிக்க நுண்துளை அறுவை மருத்துவர்களின் சங்கமான சேஜஸ், ஃபியூஸ் என்ற பெயரில் இந்த அறிவுக்கென்றே தனிப் பயிற்சியையும் தேர்வையும் உருவாக்கியது. நாள்தோறும் கையாளும் கருவியின் இயற்பியலை முறையாகப் படிக்காமலே பல ஆண்டுகள் அறுவை செய்துவிட முடிகிற நிலைமையை மாற்ற, நம் மருத்துவக் கல்லூரிகளிலும் இத்தகைய பாடம் கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு

வெப்பக் காயத்தின் தனித்தன்மை, அது தாமதமாக வெளிப்படுவது. கத்தியோ ஊசியோ குடலைக் கிழித்தால் அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும். வெந்த குடல்சுவரோ அறுவையின்போது ஒரு வெளுத்த புள்ளியாக மட்டுமே தோன்றும். பல நேரங்களில் தோன்றவே தோன்றாது. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் நின்று, இறந்த திசு உதிர்ந்து துளை விழுவதற்குச் சில நாட்கள் ஆகின்றன. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரை, சிலருக்கு அதற்கும் பிறகு. லேப்ராஸ்கோப்பி செய்துகொண்டவர் ஓரிரு நாட்களிலேயே வீடு திரும்பிவிடுவதால், துளை விழும் நேரத்தில் அவர் மருத்துவரின் கண்பார்வையில் இருப்பதில்லை.

இது அரிதாகவே நிகழ்வது. அதற்காக அறுவையைத் தவிர்ப்பது தகாது. ஆனால் அறுவைக்குப் பின் வயிற்றுவலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். குறைந்த வலி மீண்டும் கூடினாலும், வயிறு உப்பிக் கெட்டியானாலும், காய்ச்சல், வாந்தி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை தோன்றினாலும், காற்றும் மலமும் பிரியாமல் நின்றாலும், அதை வாயுத்தொல்லை என்று எண்ணிக் கடையில் மாத்திரை வாங்கிக்கொடுத்துக் காத்திருக்காமல், அறுவை நடந்த மருத்துவமனைக்கே அன்றே செல்ல வேண்டும். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், மருத்துவமனை தந்த வெளியேற்றச் சுருக்கத்தை (டிஸ்சார்ஜ் சம்மரி) உடன் எடுத்துச்சென்று, எத்தனை நாட்களுக்கு முன் லேப்ராஸ்கோப்பி நடந்தது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் கிடைத்தால்தான் மருத்துவர் வெப்பக் காயத்தையும் எண்ணிப்பார்த்து, தாமதமின்றி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்.